மூளைப் படம் எடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை

என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் மூளையைப் படம் எடுக்க அனுமதி வேண்டும் என்று ஒரு கல்லூரியிலிருந்து கேட்டார்கள். நான் உடனே சரி என்றேன். ஆராய்ச்சிக்கு உதவ வேண்டும் என்ற பெரிய மனசெல்லாம் எனக்குக் கிடையாது. பன்னிரண்டு வருடமாக எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு அந்தப் படத்தில் பதில் இருக்கும் என்று நம்பினேன். யாரிடமும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது: இவள் இப்படி இருப்பதற்கு நான்தான் காரணமா?

ஏன் அப்படிக் கேட்கத் தோன்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சோமனூர் பக்கம். கணவருக்குப் பன்னிரண்டு விசைத்தறிகள். தறிகள் ஓடுகிற நீளமான ஓட்டுக் கட்டடத்தை நாங்கள் குடோன் என்போம். எங்கள் வீட்டுக்கும் குடோனுக்கும் இடையில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் தறி ஓடினால் இந்தப் பக்கம் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் மெல்ல நகரும். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று மாறி மாறி ஓடும். கல்யாணமான முதல் மாதம் தலைவலி மாத்திரையோடு கழிந்தது. அப்புறம் எல்லோரையும் போல எனக்கும் பழகிவிட்டது. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வோம், பேசும்போது கொஞ்சம் கத்திப் பேசுவோம், அவ்வளவுதான். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், இந்த வீட்டில் எந்நேரமும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மகள் வயிற்றில் இருந்தபோது எட்டாவது மாதம் வரை குடோனில் உட்கார்ந்து தார் சுற்றினேன். தறியில் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்து ஊடை நூல் விடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல்குச்சிக்குப் பெயர்தான் தார். அவள் பிறந்த நாற்பதாம் நாளே மறுபடி வேலைக்கு உட்கார்ந்துவிட்டேன். குடோன் மூலையில் விட்டத்திலிருந்து சேலையில் தொட்டில் கட்டி அவளைப் போட்டிருப்பேன். தார் சுற்றிக்கொண்டே காலால் ஒரு கயிற்றை இழுத்து ஆட்டுவேன். எங்கள் ஊரில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை.

மூன்று வயதாகியும் அவள் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. கோயமுத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். அந்த வாரமே விசாரிக்க வந்த என் நாத்தனார், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தறிக்குப் பக்கத்துல தூரி கட்டிப் புள்ளையப் போட்டு வெச்சா, அந்தச் சத்தத்துல மூளை கலங்காம என்னங்க செய்யும்?" கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னார். நான் வாய் பேசாத ஆள் இல்லை. எந்தப் பேச்சுக்கும் உடனே பதில் கொடுத்துவிடுவேன் என்று எங்கள் வீட்டில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அன்றைக்கு மட்டும் பதில் வரவில்லை. ஏனென்றால், அவர் சொல்வதற்கு முன்பே அதே எண்ணம் எனக்கும் வந்திருந்தது.

அன்றிலிருந்து எனக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் போயிற்று. படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் தறி அடிக்கிற ஒவ்வொரு அடியும் என் பிள்ளையின் தலையில் விழுவதாகத் தோன்றும். அவளோ பக்கத்தில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்குக் குறைவாகத்தான் பேச வரும். நாம் கேட்பதில் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வாள். "தோசையா, இட்லியா?" என்றால் "இட்லியா" என்பாள். "இட்லியா, தோசையா?" என்றால் "தோசையா" என்பாள். முதல் சில வருடங்கள் இதை வைத்தே நான் காலை டிபனை என் வசதிக்கு முடிவு செய்ததுண்டு. கால் விரல்களை எப்போதும் உள்பக்கமாக மடக்கி இறுக்கி வைத்திருப்பாள். எந்தச் செருப்பும் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது. பச்சை நிறத் துணி கட்டமாட்டாள். பேருந்தில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் நடுவழியில் உட்கார்ந்துகொள்வாள். சிரிக்க ஆரம்பித்தால் நமக்கும் காரணம் தெரியாமல் சிரிப்பு வரும். அவளோடு இருப்பது கஷ்டம் என்று யாராவது அனுதாபமாகச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு இருப்பது மட்டும் என்ன சுகமா?

அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது நாங்கள் கோயமுத்தூரில் சரவணம்பட்டிக்குக் குடிபோனோம். அவள் போகிற ஆட்டிசப் பிள்ளைகளுக்கான பயிற்சிக்கூடம் அங்கிருந்து பக்கம் என்று எல்லோரிடமும் சொன்னோம். அதுவும் உண்மைதான். ஆனால் குடிபோக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான், அதற்குக் காரணம் தறிச் சத்தம். இனிமேலாவது அவள் மூளைக்கு அமைதி கிடைக்கட்டும் என்றேன். ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற பிள்ளைகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், ஐந்தாவது மாடியில் வீடு. ஜன்னலை மூடினால் ஈ பறக்கிற சத்தம் கேட்கும். கணவர் தினமும் காலையில் வண்டி எடுத்துக்கொண்டு சோமனூர் போவார், இருட்டின பிறகு வருவார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

அந்த வீட்டில் எனக்குப் பத்து வருடங்களுக்குப் பிறகு நல்ல தூக்கம் வந்தது. மகளுக்குத் தூக்கம் போயிற்று.

பன்னிரண்டு மணி, ஒரு மணி வரை வீட்டுக்குள் நடப்பாள். வாஷிங் மெஷின் ஓடினால் அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். கீழே தண்ணீர் மோட்டார் ஓடுகிற ரூம் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் இழுத்துக்கொண்டு வருவேன். கீழ்வீட்டுக்காரர் மிகவும் மரியாதையாக ஒருமுறை வந்து, பாப்பா நடக்கிற சத்தம் கேட்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வயதுக்கு வந்த பருவம், அதனால் அப்படி இருக்கலாம் என்றார் டாக்டர். மருந்து கொடுத்தார். மருந்தில் இரண்டு வாரம் தூங்கினாள், அப்புறம் பழையபடி. புது இடம், பழகிவிடும் என்று நான் சொன்னேன். இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு ஒரு பெண்பிள்ளை என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், எனக்கு உறைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பயிற்சிக்கூடத்துக்கு அந்தக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். பெற்றோர்களை உட்கார வைத்து விளக்கினாள்.

"மூளையில ஒவ்வொரு எடமும் தனித்தனியா வேலை செய்யறதில்லைங்க. ஒரு எடம் சுறுசுறுப்பானா தூரத்துல இன்னொரு எடமும் அதே நேரத்துல சுறுசுறுப்பாகும். அப்படிச் சேர்ந்து ஏறி எறங்கற எடங்களுக்கு நடுவுல இணைப்பு இருக்குதுன்னு எடுத்துக்குவோம். ஆட்டிசம் இருக்கற பல பேரைச் சேர்த்துப் பார்த்தா, சில இணைப்பு கம்மியா இருக்குது, சிலது ஜாஸ்தியா இருக்குது. ஒவ்வொரு ஆராய்ச்சியிலயும் ஒவ்வொரு மாதிரி வருதுங்க. அதனாலதான் இன்னும் நெறையப் பேரு வேணும்."

என் கணவர் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில்கூடக் கையைத் தூக்கியிருக்கமாட்டார்.

"ஏனுங்க, பாவுல இழை அறுந்தா துணியில கோடு வுழும். எங்க அறுந்துருக்குதுன்னு பாத்து நாங்க முடிச்சுப் போட்டுருவோம். அந்த மாதிரி எங்க அறுந்துருக்குதுன்னு படத்துல தெரியுமுங்களா?"

அவள் சிரிக்கவில்லை.  "அறுந்து போனதுன்னு சொல்ல முடியாதுங்கண்ணா. வேற விதமா கோத்திருக்குது. அதுவும் ஒருத்தரோட படத்தை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது. நூறு பேரைச் சேர்த்தாத்தான் ஏதாவது தெரியும்."

அவள் சொன்ன கடைசி வரி மற்ற பெற்றோர்களுக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. ஒருத்தரின் படத்தில் எல்லாம் தெரியும், சத்தம் விழுந்த இடம் வடுவாகத் தெரியும், என்னிடம் காட்டுவார்கள் என்றே நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

என் கையெழுத்து மட்டும் போதாது என்றாள் அந்தப் பெண். மகளிடமும் கேட்க வேண்டுமாம். "அவகிட்ட என்னத்தக் கேக்கறது? எதைக் கடைசியாச் சொன்னாலும் அதையே சொல்லுவா," என்றேன். தெரியும் என்று தலையாட்டினாள். "படம் எடுக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டாள். "வேண்டாமா" என்றாள் மகள். "வேண்டாமா, எடுக்கலாமா?" என்று அந்தப் பெண் மாற்றிக் கேட்டாள். "எடுக்கலாமா" என்றாள் மகள். பாருங்கள் என்பது போல நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு அட்டைகளை மேஜைமேல் வைத்தாள். ஒன்றில் ஸ்கேன் மிஷின் படம், இன்னொன்றில் வீட்டுப் படம். எதுவும் சொல்லாமல் காத்திருந்தாள். மகள் மிஷினைத் தொட்டாள். அந்தப் பெண் அட்டைகளை இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் மிஷின். மூன்றாவது தடவையும் மிஷின். "சரிங்க, அவங்க சம்மதிச்சுட்டாங்க," என்று எழுதிக்கொண்டாள். எனக்கு முகம் சுட்டது. ஏன் என்று அப்போது நான் யோசிக்க விரும்பவில்லை.

வீட்டில் பழக்கச் சொல்லி இரண்டு விஷயம் கொடுத்தார்கள். அசையாமல் படுத்திருக்கப் பழக்க வேண்டும். மிஷின் பயங்கரமாகச் சத்தம் போடும் என்பதால், அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து செல்போனில் அனுப்பியிருந்தார்கள், அதைத் தினமும் போட்டுக் காட்ட வேண்டும். முதல் வேலையை ஒழுங்காகச் செய்தேன். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பாய் போட்டுப் படுக்க வைத்து, பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் முறுக்கு என்று பழக்கினேன். இரண்டாவது வேலையைச் செய்யவில்லை. இரண்டு வினாடி கேட்டுவிட்டு அணைத்துவிட்டேன். எந்தச் சத்தத்துக்குப் பயந்து வீட்டைவிட்டே வந்தேனோ அப்படிப்பட்ட ஒன்றை என் வீட்டுக்குள் நானே போடுவதா? பழக்கினீர்களா என்று போனில் கேட்டபோது, "தெனமும் போட்டுக் காட்டறேனுங்க" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

ஸ்கேன் மையம் அவிநாசி ரோட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நோயாளிகள் கூட்டம் குறைவு என்பதால் அந்த நேரத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்கியிருந்தார்கள். துணி மூட்டை ஏற்றுகிற வேனில் மூன்று பேரும் போனோம். இரும்பு, நகை எதுவும் உள்ளே வரக் கூடாது. மகளின் தோடு, கொலுசு, அரைஞாண் எல்லாம் கழற்றியாயிற்று. தோட்டுத் திருகாணி மட்டும் இறுகிப்போய்ப் பத்து நிமிடம் எடுத்தது. நானும் கூட உள்ளே இருக்கலாம் என்றார்கள், ஆனால் என் கழுத்திலும் எதுவும் இருக்கக் கூடாது. தாலிக்கொடியைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பையின்மேல் கையை வைத்தபடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

அறை குளிராக இருந்தது. அவளைப் படுக்க வைத்துப் போர்வை போர்த்தினார்கள். காதில் பஞ்சுத் தக்கை, அதற்குமேல் காதுறை. எனக்கும் அதே போல. தலைக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதில் ஒரு கூட்டல் குறி தெரியும், அதைப் பார்த்தபடி கண்ணைத் திறந்து முழித்திருக்க வேண்டும், வேறொன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருக்கும்போது மூளை என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்களாம். அவள் தலை குகை போன்ற அந்த ஓட்டைக்குள் போயிற்று. வெளியே கால் மட்டும் தெரிந்தது. நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவள் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் எப்போதும் போல உள்ளே மடங்கி இறுகியிருந்தன. சத்தம் வந்ததும் அலறப்போகிறாள், எழுந்து தலையை மோதிக்கொள்ளப்போகிறாள் என்று நான் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். பொய் சொன்னதற்கு அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

சத்தம் ஆரம்பித்தது. தக்கையையும் காதுறையையும் தாண்டிக்கொண்டு வந்தது. தறிச் சத்தம் வேறு, இது வேறு. ஆனால் இதுவும் நிற்காமல் ஒரே அளவில் அடிக்கிற அடி. என் ஸ்டூல் அதிர்ந்தது, அவள் படுத்திருந்த பலகை அதிர்ந்தது, அவள் பாதம் வழியாக அந்த அதிர்வு என் கைக்கு வந்தது. குடோன் தரையில் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்காலில் ஏறுமே, அதே அதிர்வு.

அவள் விரல்கள் விரிந்தன.

பதினைந்து வருடத்தில் விழித்திருக்கும்போது நான் பார்க்காத காட்சி அது. முதலில் சுண்டுவிரல், அப்புறம் ஒவ்வொன்றாக. பாதம் என் கையில் கனக்க ஆரம்பித்தது. தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது போல இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மைக்கில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "பாப்பா, கண்ணைத் தொறந்து வெச்சுக்கணும், சரிங்களா?" பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ பேசிக்கொண்டார்கள். மிஷினை நிறுத்தினார்கள்.

சத்தம் நின்ற அந்த வினாடியே விரல்கள் மடங்கின. குகைக்குள்ளிருந்து அவள் குரல் என் காதுறையைத் தாண்டித் தெளிவாக வந்தது.

"கரண்டு போச்சு."

எங்கள் வீட்டில் தறி நின்றால் யார் எங்கே இருந்தாலும் முதலில் வருகிற வார்த்தை அது. ராத்திரி ஷிப்டில் மின்சாரம் நின்றால் ஊரே விழித்துக்கொள்ளும். தறிக்காரர்கள் சத்தத்தில் தூங்குவார்கள், சத்தம் நின்றால் எழுந்துவிடுவார்கள். என் கணவர் படுக்கையிலிருந்து எழுந்து சட்டையைத் தேடியபடி இதைச் சொல்வதை அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். குடோனைவிட்டு வந்து இரண்டு வருடத்தில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் கேட்காமல், எதையும் திருப்பிச் சொல்லாமல், அவளாகச் சொன்னாள்.

வெளியே வந்ததும் ஆராய்ச்சி மாணவி கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னாள். "தூங்கிட்டாங்கக்கா. மூணு நிமிஷம்கூட ஆகல. இந்த மிஷின்ல இவ்வளவு சீக்கிரம் தூங்கி நான் பார்த்ததில்லை. தூக்கத்துல இணைப்பெல்லாம் மாறிப்போயிரும், அதனால முழிச்சிருக்கறவங்களோட இதைச் சேர்க்க முடியாதுங்க. இன்னொரு நாளைக்கு வர முடியுங்களா?"

நான் முதலில் என் கேள்வியைக் கேட்டேன். கணவர் பக்கத்தில் நிற்கிறார் என்பதையும் பார்க்காமல் கேட்டேன். "தறிக்குப் பக்கத்துல தொட்டில் கட்டி இவளப் போட்டிருந்தேனுங்க. அதனாலதான் இப்படி ஆயிப்போச்சா? படத்துல அது தெரியுதுங்களா?"

அவள் என்னை உட்கார வைத்தாள். "அந்தப் படத்துல அப்படி எதுவும் தெரியாதுக்கா. எந்தப் படத்துலயும் தெரியாது. சத்தத்தால ஆட்டிசம் வந்துச்சுன்னு நான் படிச்சதேயில்லை. இது பொறக்கறதுக்கு முன்னாடியே, மூளை உருவாகறப்பவே ஆரம்பிக்கற விஷயம். பரம்பரையா வர்றது இதுல பெரும்பங்குன்னு சொல்றாங்க. நீங்க எங்க தொட்டில் கட்டியிருந்தாலும் இவங்க இவங்களாத்தான் இருந்திருப்பாங்க." பிறகு கேட்டாள்: "இப்ப வீட்ல எப்படித் தூங்கறாங்க?"

பன்னிரண்டு வருடப் பாரம் இறங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நாத்தனார் மேல் இல்லை, அந்தப் பெண் மேல் இல்லை. செய்யாத தப்புக்குப் பயந்துகொண்டு உண்மையிலேயே ஒரு தப்பைச் செய்திருக்கிறேன். இரண்டு வருடம் என் பிள்ளையின் தூக்கத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாஷிங் மெஷினில் கன்னத்தை வைத்துக்கொண்டு அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் கணவர் ஒரு பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தினார். மகள் தேங்காய் பன்னை உரித்து உள்ளே இருப்பதை மட்டும் தின்றுகொண்டிருந்தாள். தாலிக்கொடியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அவளத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க," என்றேன்.

"போலாம். அதுக்கென்ன," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று சேர்த்துச் சொன்னார்: "நீ மட்டும் முடிவு பண்ணலியே அம்மிணி. அவளையுந்தான கேட்டோம். போலாம்னுதான சொன்னா."

கேட்டது உண்மை. குடிபோவதற்கு முன்னால், அவரும் குடோனில் வேலை செய்தவர்களும் நிற்க, நான் அவளிடம் கேட்டேன். "இங்கயே இருக்கலாமா, புது ஊட்டுக்குப் போலாமா?" என்று கேட்டேன். "போலாமா" என்றாள். பாருங்கள், அவளே சொல்லிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். தோசை, இட்லிக்கே அந்தத் தந்திரம் தெரிந்தவள் நான். எதைக் கடைசியில் வைத்தால் என்ன பதில் வரும் என்று தெரிந்தே கேட்டேன். ஒருதடவை வார்த்தையை மாற்றி வைத்துக் கேட்டிருக்கலாம். இரண்டு படத்தைக் காட்டியிருக்கலாம். பதில் வேறாக வந்துவிடும் என்ற பயத்தில் கேட்கவில்லை.

அதை அவரிடம் சொன்னேன். மேஜையைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் சொல்லி முடித்தேன்.

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "எனக்கு அன்னைக்கே தெரியும். நானும் அங்கதான நின்னுட்டிருந்தேன்."

"பின்ன ஏனுங்க ஒண்ணும் சொல்லல?"

"பத்து வருசமா நீ தூங்கி நான் பாக்கலியே. அவளுக்கோசரம்னு நான் நெனைக்கல. உனக்கோசரந்தான் வந்தேன்."

 பேக்கரியில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். மகள் என் பன்னையும் எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

அந்த மாதக் கடைசியில் சோமனூருக்கே திரும்பி வந்தோம். வருவதற்கு முன்னால் இரண்டு வீட்டுப் படத்தையும் செல்போனில் எடுத்து அவள் முன்னால் வைத்துப் பேசாமல் காத்திருந்தேன். இந்த முறை நடித்துக்கொண்டு கேட்கவில்லை. அவள் சோமனூர் வீட்டைத் தொட்டாள். பயிற்சிக்கூடத்துக்கு இப்போது இரண்டு பஸ் மாற வேண்டும். போக வர அரைநாள் போய்விடுகிறது. ஆராய்ச்சி மாணவி இரண்டு முறை மறுபடி கூப்பிட்டாள். இரண்டு முறையும் போனோம், இரண்டு முறையும் என் மகள் அந்த மிஷினுக்குள் தூங்கிவிட்டாள். தூங்குகிறவர்களின் இணைப்புகளைப் பார்க்கிற இன்னொரு ஆராய்ச்சி இருக்கிறது, அதில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கடைசியில் சிரித்துக்கொண்டே கேட்டாள். அட்டைகளை எடுத்து வைத்து மகளிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மகள் ஒன்பதரை மணிக்குப் படுத்தால் விடிகிற வரை தூங்குகிறாள். மருந்தை டாக்டரே நிறுத்திவிட்டார். அவள் முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் மறுபடி தூக்கம் சரியாக வருவதில்லை. தறி அவள் மூளையைக் கெடுக்கவில்லை என்று புத்திக்குத் தெரிகிறது, உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. நான் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்துவிட்டுக் கணவர் போன வாரம் ஒரு யோசனை சொன்னார். எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி ஓடுகிற நாலு தறியை மட்டும் ராத்திரியில் நிறுத்திவிடலாம், உனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்றார்.

மகள் படுக்கிற கட்டிலும் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. ஓடட்டும் என்றேன்.